வாழைப்பழ எசன்ஸ்

திருகோணமலைக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவச் செல்வோர், ஐஸ்பழ வண்டி தம்மைக் கடந்து போன பின்னரும் வாழைப்பழ மணம் ஒன்று சிறிது நேரம் அவ்விடத்தில் தங்கி நிற்பதை உணர்ந்திருப்பர். வண்டிக்குள் வாழைப்பழம் ஒன்றேனும் இராது. மறுநாள் அதே மனிதர், மேசை நாற்காலிக்கு லாக்கர் பூசும் தச்சுப் பட்டறையொன்றுக்குள் நுழைந்தால், அங்கும் ஏறக்குறைய அதே மணம் அவரை எதிர்கொள்ளக்கூடும். குழந்தை உண்ணும் பண்டத்துக்கும் தச்சர் பூசும் வர்ணத்துக்கும் இடையே உறவு எப்படி வந்தது என்று அவர் வியந்தால், அந்த வியப்பு நியாயமானதே. அவ்வுறவைப் பற்றியும், அதனால் நாம் கொள்ளவேண்டிய எச்சரிக்கையைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

இந்த மணத்துக்கு உரிய பொருளின் பெயர் ஐசோஅமைல் அசற்றேற்று. பெயர் நாவில் இடறுமெனினும் பொருள் எளியது. வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அசற்றிக் அமிலத்தையும், ஐசோஅமைல் அற்ககோல் என்னும் ஒருவகை மதுசாரத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சிறிது செறிந்த சல்பூரிக் அமிலமும் இட்டுச் சூடாக்கினால், இரண்டும் கூடி நீரை வெளிவிட்டு இப்பொருளாகின்றன. இவ்வாறு அமிலமும் அற்ககோலும் கூடிப் பிறப்பவற்றை எசுத்தர்கள் என்று இரசாயன நூல்கள் அழைக்கும். அமிலம் மூக்கை அரிக்கும்; அந்த அற்ககோலோ இருமலை வருவிக்கும் கெட்ட நாற்றமுடையது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு நறுமணத்தைப் பெற்றெடுக்கின்றன என்பதை முதன்முதலிற் கண்டபோது மாணவனாகிய நான் நம்ப மறுத்தேன்.

இதன் வரலாறும் சுவையானது. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியில், பழம் கலவாத பழச்சாரங்கள் பல வைக்கப்பட்டிருந்தன. அந்நாளில் லண்டனில் இரசாயனப் பேராசிரியராயிருந்த ஹொஃப்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். பேரித் தைலம் எனப்பட்டது அமைல் அசற்றேற்றை மதுசாரத்திற் கரைத்ததே என்று அவர் கண்டார். அன்னாசித் தைலத்துக்கு உயிர்கொடுத்த அமிலமோ, கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலமாக இருந்தது! அமைல் அற்ககோலும் அப்படித்தான். சாராயம் வடிக்கும்போது மதுவின் சுவையைக் கெடுக்கும் கசடாக ஒதுங்கிய எண்ணெயிலிருந்து அது கிடைத்தது. வேண்டாதவை என்று ஒதுக்கப்பட்டவை மிட்டாய்க் கடைக்குள் புகுந்த கதை இது.

ஆயினும் இது முற்றிலும் செயற்கைப் பொருள் என்று எண்ணுவது பிழை. பழுத்த வாழைப்பழம் தானே இதை ஆக்கிக்கொள்கிறது. மதுவம் சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போதும் சிறிதளவு தோன்றுகிறது. ஆலையில் ஆக்கிய ஐசோஅமைல் அசற்றேற்றும் பழத்திற் பிறந்ததும் அணுவுக்கு அணு ஒன்றே. பின் ஏன் ஐஸ்பழம் கதலிப்பழம் போல் இனிப்பதில்லை என்று கேட்பீர்கள். இயற்கையான பழத்தில் இவ்வொன்றே அன்றி வேறு எசுத்தர்கள் பலவும், கராம்பின் மணத்துக்குக் காரணமான பொருளுங்கூடக் கலந்துள்ளன. எசன்ஸில் உள்ளது ஒற்றை நாதசுவரம். பழத்தில் உள்ளது முழு மேளம்.

இதை உண்ணும் பிள்ளைகளுக்குத் தீங்கு வருமா என்பது தாய்மாரின் முதற் கேள்வி. உணவுக்கென்று தூய்மையாக ஆக்கப்பட்டதை உரிய அளவிற் சேர்த்தால் அஞ்ச வேண்டியதில்லை. அந்த அளவு மிகச் சிறியது: பத்து இலட்சம் பங்கு பண்டத்திற் சில பத்துப் பங்கு, மிட்டாயில் சில நூறு பங்கு வரை போகலாம். உடலுட் சென்றதும் அது மறுபடியும் அமிலமாகவும் அற்ககோலாகவும் பிரிந்து, மற்றைய உணவைப் போலவே எரிந்து தீர்கிறது. ஆனால் உணவுக்கென்று என்னும் சொல்லை அழுத்திச் சொல்லுகிறேன். வர்ணம் கரைப்பதற்கென்று விற்கப்படும் அமைல் அசற்றேற்றும் இதே மணம் வீசும்; விலையும் குறைவாக இருக்கும். அதற்குள் வேறு என்னென்ன கலந்துள்ளன என்று மூக்கு சொல்லாது. அதை உணவிற் சேர்ப்பது கொடுமை. நம் நாட்டு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கண்ணிலும் அது குற்றமாகும்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். உண்பவரைக் காட்டிலும், இதைத் தகரத்திலும் போத்தலிலும் வைத்துக் கையாளுபவருக்கே ஆபத்து அதிகம். அந்த ஆபத்து நஞ்சினால் வருவதன்று, நெருப்பினால் வருவது.

தீப்பற்றக்கூடிய ஒவ்வொரு திரவத்துக்கும் தீப்பற்று நிலை என்று ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி, சுடரொன்று அருகில் வந்தாலும் பற்றிக்கொள்ளப் போதாது. அதற்கு மேலே போதுமான ஆவி எப்போதும் காற்றிற் கலந்து ஆயத்தமாய்க் காத்திருக்கும். ஐசோஅமைல் அசற்றேற்று 142 பாகை செல்சியஸில் கொதிப்பது. ஆதலால் அது அமைதியான திரவம் என்று பலர் எண்ணுவர். ஆனால் அதன் தீப்பற்று நிலை வெறும் 25 பாகை. ஐரோப்பாவின் குளிர்நாட்டு ஆய்கூடமொன்றில், ஆண்டின் பெரும்பகுதியும் அந்தப் போத்தல் தன் தீப்பற்று நிலைக்குக் கீழேயே உறங்கிக் கிடக்கும். திருகோணமலையில் நிலைமை வேறு. இங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 28 பாகை அளவில் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் பகல் வெப்பம் 34 பாகையைத் தொடுவது வழக்கம். தகரக் கூரையிட்ட களஞ்சிய அறைக்குள் அதற்கும் மேலே போகும். பின்னிரவிற்கூட 25 பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட கைந்நூல் “சூடாக்கும்போது கவனம்” என்று சொல்லியிருந்தால், நம்மூரில் அதைச் சூடாக்க வேண்டியதே இல்லை. வானம் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கிறது.

இந்த 25 என்னும் எண்ணை நம்மூர்க் காட்சியொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சீனன்குடாப் பக்கம் போனவர்கள் காட்டுக்குள்ளே வரிசை வரிசையாய் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டிருப்பீர்கள். பிரித்தானியக் கடற்படைக்காக அமைக்கப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகளில் 99 தாங்கிகள் கணக்கிற் கொள்ளப்பட்டன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது, அவற்றுள் ஒன்று தாங்கியொன்றின்மீது வீழ்ந்து, அது நாட்கணக்காக எரிந்த கதையை இவ்வூர் முதியோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். அதனால் தாங்கி என்றாலே நமக்கு ஓர் அச்சம். ஆனால் கப்பல்கள் எரிக்கும் உலை எண்ணெயின் தீப்பற்று நிலை 60 பாகைக்கு மேல். விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகை அல்லது அதற்கும் மேல். நாம் எட்டி நின்று பார்க்கும் எண்ணெயைக் காட்டிலும், மண்ணெண்ணெயைக் காட்டிலும், இந்த இனிய வாசனைத் திரவம் எளிதிற் பற்றக்கூடியது! மண்ணெண்ணெயை அடுப்பங்கரையில் மூடாது வைக்க எவரும் துணியார். அதன் நாற்றமே எச்சரிக்கை. பழ வாசனை வீசும் தகரத்தை மூடாமல் வைக்க நமக்குத் தயக்கம் வருவதில்லை. இம்மணத்தின் வஞ்சகம் இதுவே.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பலசரக்குக் கடையில் வாங்கும் விரலளவு எசன்ஸ் போத்தலில் இருப்பது தூய எசுத்தர் அன்று. வேறொரு திரவத்திற் பெரிதும் ஐதாக்கப்பட்டது. நான் சொல்லுவது பேக்கரிகளும் ஐஸ்பழம், மிட்டாய் செய்வோரும் லீற்றர் கணக்கில் வாங்கும் செறிந்த சாரத்தையும், பட்டறைகளிற் பயன்படும் கரைப்பானையும் பற்றியது.

இது எரியும் என்பதற்குச் சான்று வேண்டுமாயின், ஜெர்மனியில் ஹெஃப்னர் என்பவர் 1884இல் அமைத்த விளக்கைச் சொல்லலாம். ஒளியின் அளவைக் கணக்கிட ஒரு நியம விளக்கு தேவைப்பட்டபோது, அவர் அதில் ஊற்றிய எரிபொருள் வேறொன்றுமன்று, அமைல் அசற்றேற்றே. சுடரின் உயரம் 40 மில்லிமீற்றர் இருக்கவேண்டும் என்பது விதி. அத்துணை சீராக, அத்துணை விருப்பத்தோடு அது எரிந்தது.

எனக்குக் கிடைத்த சான்று அவ்வளவு சீரானதன்று. நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது, பாடசாலை ஆய்கூடமொன்றில் மாணவர்களைக் கொண்டு இந்த எசுத்தரை வடிக்கச் செய்தேன். சல்பூரிக் அமிலத்தைப் பற்றி அரைமணி நேரம் எச்சரித்தேன். கண்ணாடி அணியச் சொன்னேன், குழாய்நீரை அருகில் வைத்தேன். விளைபொருளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது வாழைப்பழந்தானே! வடித்த திரவம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கையில் ஒரு பையன் அதை ஒரு முகவையிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினான்; சிறிது மேசையிற் சிந்தியது. மேசையின் மறுகோடியில் மதுசார விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. விளக்கு அவனிடம் வரவில்லை. ஆவி விளக்கிடம் போயிற்று. நீலச் சுடரொன்று மேசையின்மேல் ஓடிவந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பையனின் புருவம் பொசுங்கிற்று. வலக்கையில் ஒரு வடு மிஞ்சிற்று. “சேர், நீங்கள் இது பற்றும் என்று சொல்லவில்லையே” என்று அவன் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவன் வியப்போடுதான் கேட்டான்.

ஆவி விளக்கிடம் போயிற்று என்றேன். அதற்குக் காரணம், இந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு பாரமானது. புகையைப் போல் மேலே எழாது; சிந்திய நீரைப் போலத் தரையோடு தவழ்ந்து, தாழ்ந்த இடங்களைத் தேடி ஓடும். நம் அடுப்புகளும் சாமி விளக்குகளும் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? தரையிலே, அல்லது தரைக்குச் சிறிது மேலே. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்த ஆவி கலந்தால் அது பற்றிக்கொள்ளப் போதும். ஆதலின் தகரத்தைத் திறக்கும் அறையில் எரியும் அடுப்போ, விளக்கோ, பீடி சுருட்டோ இருத்தல் ஆகாது. மேலே ஒரு சாளரம் இருப்பது மாத்திரம் போதாது; தரையை ஒட்டிய காற்றும் வெளியேற வழிவேண்டும். வேலைக்கு வேண்டிய அளவை மாத்திரம் சிறு போத்தலில் எடுத்துக்கொண்டு, பெரிய தகரத்தை உடனே இறுக மூடி, வெயில்படாத வேறோர் அறையில் வைப்பதே முறை. சூடான பாகில் எசன்ஸ் சேர்ப்போர், பாகை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்ட பின்னரே சேர்க்கவேண்டும். இது தீக்கும் நல்லது, மணத்துக்கும் நல்லது. கொதிக்கும் பாகில் ஊற்றிய மணத்திற் பெரும்பகுதி ஆவியாய்ப் போய்விடும். கைத்தேர்ந்த மிட்டாய்க்காரர் இதை எனக்கு முன்னமே அறிவர்.

சுவாசத்தைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு விதி, எட்டு மணி நேர வேலையில் பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்குக்கு மேல் இந்த ஆவி இருக்கலாகாது என்கிறது; 50 பங்கே தக்கது என்று கருதும் வல்லுநரும் உளர். ஆயிரம் பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தாகக் கருதப்படும் அளவு. அளவு மிகும்போது கண் எரியும், தொண்டை கரகரக்கும், தலை வலிக்கும், பின்னர் மயக்கம் வரும். மூக்கு இதை மிக நுண்ணிய அளவிலேயே கண்டுகொள்ளும் என்பது உண்மையே. வாயு முகமூடி முகத்திற் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க இந்த மணத்தைப் பயன்படுத்தும் வழக்கமும் அதனால் வந்தது. முகமூடி அணிந்தவருக்கு வாழைப்பழம் மணத்தால், எங்கோ இடுக்கு இருக்கிறது என்று பொருள். ஆனால் மூக்கு விரைவில் சோர்ந்துபோகும் காவற்காரன். கால்மணி நேரம் அறைக்குள் இருந்தவர் மணமே இல்லை என்பார். வெளியிலிருந்து வருபவரோ மூக்கைப் பொத்துவார். அப்படி நேரும்போது வந்தவரின் மூக்கை நம்புங்கள்.

தச்சுப் பட்டறைக்கும் இம்மணத்துக்கும் உள்ள உறவைச் சொல்லாது விட்டேன். எசுத்தர்கள் நல்ல கரைப்பான்கள். செலுலோசு வகை மெருகுகளைக் கரைத்துத் தூரிகைக்கு இணங்க வைப்பன அவையே. லாக்கரிலும் தின்னரிலும் நகப்பூச்சிலும் இதன் உறவினரான வேறு அசற்றேற்றுகள் உண்டு. அதனாலேயே அங்கும் பழவாசனை. விமானச் சிறகுகள் துணியால் ஆக்கப்பட்ட காலத்தில், அத்துணியை இறுக்கி விறைப்பாக்கப் பூசிய மெருகுகளிலும் அமைல் அசற்றேற்றுக்கு இடமிருந்தது. உலகின் பல விமானக் கொட்டகைகள் அந்நாளில் வாழைப்பழம் மணத்தன. துணி போர்த்திய சுவோட்ஃபிஷ் விமானங்கள் சீனன்குடா விமானத் தளத்திலும் நின்றதுண்டு. 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் இங்கிருந்து கொழும்பு நோக்கிப் பறந்த ஆறும் யப்பானியரால் வீழ்த்தப்பட்டன. அது வேறு கதை.

கரைக்கும் இந்த இயல்பு களஞ்சியக்காரருக்கும் ஒரு பாடம். ரெஜிபோம் பெட்டியில் இச்சாரம் சிந்தினால் பெட்டி கரைந்து குழியாகும். சாதாரண இறப்பர்க் கையுறையும் ஊறித் தளர்ந்துவிடும். வந்த கொள்கலத்திலேயே வைத்திருப்பதே உத்தமம். குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பவரை நான் கண்டிருக்கிறேன். நிறமற்ற திரவம், பழவாசனை வேறு. வீட்டிலே சிறுபிள்ளை இருந்தால் அதன் விளைவை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் உழைக்கும் நேயர்களுக்கு ஓர் அடையாளம் சொல்லுகிறேன். அமைல் அசற்றேற்றுப் பீப்பாவின் மேல் 1104 என்னும் எண் இருக்கும். ஐக்கிய நாடுகளின் பட்டியலில் அதற்குரிய எண் அது. பக்கத்தில் சிவப்பு நிறச் சாய்சதுரமும் அதனுள் தீச்சுடரும் 3 என்னும் இலக்கமும் இருக்கும். தீப்பற்றும் திரவம் என்பது அதன் பொருள். வாசனைச் சரக்குத்தானே என்று அதை வெயிலில் அடுக்கி வைத்தலும், ஒட்டுவேலை நடக்கும் இடத்துக்கு அருகே உருட்டி விடுதலும் கூடாது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் கசிந்த பொருள் வேறு, அது நைத்திரிக் அமிலம். ஆயினும் கசிவொன்றைச் சிறிதென்று விட்டால் கடலும் கரையும் எவ்வளவு காலம் அதைச் சுமக்கவேண்டும் என்பதை மேற்குக் கரை மீனவர் அறிவர்.

சிந்திவிட்டால் என்ன செய்வது? முதலில் சுடர்களை அணைத்து, கதவு சாளரங்களைத் திறக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டால் ஆவி போகுமே என்று ஆளியைத் தட்டுவது வழக்கம். அந்த ஆளியின் பொறியே போதும். ஆளியைத் தொடாதீர்கள். மணலைப் போட்டு உறிஞ்ச விட்டு, அம்மணலை மூடியுள்ள தகரத்தில் அள்ளி வெளியே வையுங்கள். கானில் கழுவி விடாதீர்கள். அது நீரிற் கரைவது மிகக் குறைவு, நீரைவிட இலேசானது, ஆகையால் மிதந்தபடியே கானின் வழியே அடுத்த வீட்டுக்கும் அப்பால் கடலுக்கும் போகும். தீப்பற்றினாலும் அதே காரணத்தால் வாளித் தண்ணீரை வீசி ஊற்றுதல் தவறு. எரியும் திரவம் நீரின்மேல் மிதந்து பரவும். மணல், உலர்தூள், நுரை, காபனீரொட்சைட்டுக் கருவி ஆகியன உதவும். சிறு பாத்திரமாயின் மூடியொன்றைக் கவிழ்த்தாலே அணையும். கண்ணிற் பட்டால் கால்மணி நேரம் ஓடும் நீரிற் கழுவிய பின் வைத்தியரிடம் செல்லவேண்டும். ஒருவர் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொரு செய்தி, மூதூர்ப் பக்கத்துக் காடுகளிலே தேனெடுப்போருக்கு உரியது. தேனீ கொட்டும்போது கொடுக்கோடு ஒரு மணமும் வெளிப்படும். அதை முகர்ந்த மற்றைத் தேனீக்கள் அவ்விடத்தையே நாடிவந்து கொட்டும். கனடா நாட்டு ஆய்வாளர் 1962இல் அம்மணத்தை ஆராய்ந்தபோது, அதிலே ஐசோஅமைல் அசற்றேற்று இருக்கக் கண்டனர். பின்னர், பாறையிலும் மரக்கிளையிலும் பேரடை கட்டும் நம் நாட்டுப் பெருந்தேனீயிடமும் அது உண்டென்று தெரியவந்தது. நமக்கு ஐஸ்பழம்; தேனீக்கோ போர் முரசு. எனவே காலையில் பேக்கரியிலோ பட்டறையிலோ இச்சாரத்தைக் கையாண்டவர், அன்று மாலை தேனெடுக்கப் போவதாயின், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, சட்டையையும் மாற்றிக்கொண்டு போவது நல்லது.